நீ எழுதாத கட்டுரைகள்

இன்று காலை உன் பெயரில் இன்னொரு கட்டுரை வந்திருக்கிறது. நூலகத்துக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்ததும் முதல் வரியிலேயே உன் முதலெழுத்தும் உன் அப்பாவின் பெயரும்: ஆர். சவரிமுத்து. இந்த முறை கியர் பற்கள் தேய்வதைப் பற்றி எழுதியிருக்கிறாய். கியரைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் ஸ்கூட்டரில் அது கிடையாது என்பது மட்டும்தான்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இருந்தவரை ஒன்றே ஒன்றுதான் எழுதினாய். போன பிறகு ஓயாமல் எழுதுகிறாய். மாமரத்துத் தத்துப்பூச்சி, யாரோ ஒரு பாளையக்காரரின் கடிதங்களுக்கு அட்டவணை, தோல் தொழிற்சாலைக் கழிவுநீர், இப்போது கியர். எல்லாம் வேறு வேறு சவரிமுத்துகள் எழுதியவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்று வரும்போதும் உடனே திறந்துவிடுகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிலவற்றைக் கடைசிவரை படித்தும் பார்த்தேன். அந்தப் பாளையக்காரர் அட்டவணையின் முடிவில் ஒரு வரி இருந்தது: ‘நூலகத்தில் உடனிருந்த தோழிக்கு நன்றி.’ அன்று முழுக்க நான் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ உண்மையாக எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலின் கல்லறைப் பதிவேட்டிலிருந்த பெயர்களுக்கு ஓர் அகரவரிசை அது. ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் உட்காருவோம். பர்தாவோடு என்னைப் பார்த்த ஃபாதர் முதல் வாரம் கொஞ்சம் தயங்கினார். அடுத்த வாரம் எனக்கும் சேர்த்து டீ வந்தது. பதிவேடு பாதி லத்தீன், பாதி தமிழ், நடுவில் தெலுங்கு எழுத்தில் சில பக்கங்கள். நீ படித்துச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன்.

சவரிமுத்து என்ற பெயர் மட்டும் அதில் ஒன்பது முறை வந்தது. ஊரும் இல்லை, வயதும் இல்லை, சிலவற்றில் தகப்பன் பெயர்கூட இல்லை. “எல்லாத்தையும் ஒரே வரியில போட்டுட்டு பக்க நம்பர் குடுத்துடலாமாடி?” என்று கேட்டேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒரே பேருன்னா ஒரே ஆளாயிடுவாங்களா? செத்தவனுக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு வரிதான். அதையும் புடுங்கிக்காத.”

ஒன்பது பேருக்கும் ஒன்பது வரி போட்டாய். அந்தப் பதிவேட்டின் அகரவரிசை அச்சில் வந்தபோது நாம் வேலை பார்த்த கல்லூரியில் யாரும் கவனிக்கவில்லை. நாம் இருவரும் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆய்வுக் குழு பார்வையிட வரப்போகிறது என்று கல்லூரியே அலறிக்கொண்டிருந்த வாரம். முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “லைப்ரரியன் போஸ்ட் பர்மனென்ட் ஆகணும்னா ஒரே ஒரு பப்ளிகேஷன் பத்தாதும்மா. உங்க ஃப்ரெண்டுதானே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க,” என்றார். ஐந்து வருடமாக நீ தற்காலிக நூலகர். ஒருவர் எழுதிய கட்டுரைகளையெல்லாம் சேர்த்துக் காட்டும் பக்கம் ஒன்றை இணையத்தில் உனக்குத் தொடங்கிக் கொடுத்ததே நான்தான்; அதன் அறிவிப்புகள் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும். கடவுச்சொல் நம் இருவருக்கும் தெரியும். உள்ளே போனதும் அது ஆர். சவரிமுத்து என்ற பெயரில் வந்த கட்டுரைகளின் நீளப் பட்டியலைக் காட்டிக் கேட்டது: ‘இவையும் உங்களுடையவையா?’ ஆமாம், ஆமாம் என்று எல்லாவற்றிலும் குறி போட்டேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

நீ பார்த்ததும் முதலில் சிரித்தாய். “எங்கப்பா எட்டாவது ஃபெயிலு. ஷிப்டு ஷிப்டா இரும்பு அடிச்ச மனுசன். அவரு பேருக்கு வந்த வாழ்வப் பாருடி!” விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனாய். அடியில், இருபத்தேழாவதாக, உன் கல்லறைப் பதிவேடு கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னாத்துக்குடி இப்படிப் பண்ண? அவங்க எழுதினத எம்பேர்ல போட்டா அவங்க எங்க போவாங்க?”

“கமிட்டி வந்துட்டுப் போயிடட்டும். அப்புறம் எடுத்துடறேன்.”

“இப்பவே எடு.”

நான் எடுக்கவில்லை. நீ என்னோடு பேசாமல் வீட்டுக்குப் போனாய். அது வெள்ளிக்கிழமை. திங்களன்று காய்ச்சலென்று விடுப்பு. செவ்வாயன்று பெங்களூரில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று உன் அண்ணன் சொன்னார். புதன் காலை உன்னிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: ‘எடுத்துட்டியா?’ குழு மறுநாள் வருகிறது. ‘எடுத்துட்டேன். நீ ரெஸ்ட் எடு’ என்று உடனே பதில் போட்டேன். சாயங்காலம் உன் பதில் வந்தது: ‘சரிடி.’ சனிக்கிழமை நீ இல்லை.

அதற்குப் பிறகும் நான் எடுக்கவில்லை. முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயம். பிறகு, சொன்னால் பைத்தியம் என்பாய், அந்த மின்னஞ்சல்கள் வருவது நின்றுவிடுமே என்று இருந்தது. உன் பெயர் போட்டு வேறு எதுவும் எனக்கு வருவதில்லை.

நேற்று நூலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆள். மாமரப் பூச்சிகளை ஆராய்கிறவர்.

“சவரிமுத்து மேடம் இருக்காங்களா? தத்துப்பூச்சி பத்தின கட்டுரை என்னுதுங்க. அவங்க பேர்ல நிக்குது. அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ. நான் காப்பியடிச்சேன்னு நெனைச்சுக்குவாங்க. கொஞ்சம் ஃபோன அவங்ககிட்ட குடுங்க.”

“அவங்க இல்லீங்க.”

“எப்ப வருவாங்க?”

“இறந்துட்டாங்க சார். ஒன்றரை வருசமாச்சு.”

அவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப போன மாசம் இதைச் சேத்தது யாருங்க?”

“அந்த வெப்சைட்டே அதுவா சேத்துக்குது. மொதல்ல சேத்துவிட்டது நான்தான்.” உன் அண்ணனிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

அதனால்தான் இன்று காலை கியர் வந்ததும் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் திறந்து, எழுதியவர் யார், எந்த ஊர் என்று படித்துவிட்டு நீக்கினேன். தத்துப்பூச்சிதான் முதலில். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பாளையக்காரர் மட்டும் மிச்சம். அந்த நன்றி வரியை இன்னொரு முறை படித்தேன். அந்தத் தோழி யாரோ, எங்கிருக்கிறாளோ. அதையும் நீக்கி, அவளுடையதை அவளிடமே விட்டேன். இனித் தானாகச் சேர்வதையும் நிறுத்திவிட்டேன். உன் பக்கத்தில் இப்போது கல்லறைப் பதிவேடு ஒன்றுதான் இருக்கிறது.

கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாமென்று அமைப்புகளுக்குள் போனேன். இந்தக் கணக்கை யார், எப்போது, எங்கிருந்து திறந்தார்கள் என்று அங்கே ஒரு பட்டியல் இருந்தது. எல்லாம் நம் ஓசூர், இந்தக் கணினி. ஒன்று மட்டும் பெங்களூர், கைபேசி. அந்தப் புதன்கிழமை மதியம்.

அப்படியென்றால் நீ பார்த்திருக்கிறாய். நான் எடுத்துட்டேன் என்று சொன்ன பிறகு, படுத்த படுக்கையில் திறந்து பார்த்திருக்கிறாய். அத்தனையும் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு, நீயே நீக்கியிருக்கலாம், நீக்காமல், சாயங்காலம் எனக்கு ‘சரிடி’ என்று எழுதியிருக்கிறாய்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தச் ‘சரிடி’யை வைத்துக்கொண்டு நான் என்னடி செய்வேன்?