ஆணியில் தொங்காத கோட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன், எப்படிம்மா இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ரத்தப் பரிசோதனைக்குப் போனாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அந்தப் பேட்ஜ் விஷயத்தைச் சொன்னதும், கையெழுத்துப் போடாதே என்று மட்டும் கத்தினேன். ஏம்மா என்று நீ கேட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் எழும்பவில்லை. பக்கத்தில் அப்பா வேறு, போனை எப்போது தருவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதனால்தான் எழுதுகிறேன். கூரியர் கவுன்ட்டரில் விசாரித்து வைத்திருக்கிறேன், நான்கு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். முழுசாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

வீட்டுச் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, மாடியில் குடியிருப்பவர்கள் நாற்காலியை இழுப்பது நிற்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் நடக்கச் சொன்னால் உட்காருகிறார், உட்காரச் சொன்னால் ஸ்டூலில் ஏறிப் பரணைக் குடைகிறார். ரியாக்டர் கன்ட்ரோல் ரூமை விட்டு வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு "அடுப்பு ஆஃப்" என்று உரக்கச் சொல்வார், நான் "அடுப்பு ஆஃப்" என்று திருப்பிச் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். ரியாக்டரில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னால்தான் அது நடந்ததாகக் கணக்கு, நீ சின்ன வயதில் இதைக் கேட்டுக் கேட்டே, ஹோம்வொர்க் முடிந்தது என்று கத்திவிட்டு எங்களையும் சொல்லச் சொல்லி உயிரை எடுப்பாய். அந்த ரியாக்டரை இப்போது ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பழைய ஆட்களையெல்லாம் டீக்கும் போட்டோவுக்கும் கூப்பிட்டிருந்தார்கள், எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன், அப்பா மட்டும் போய் ஒரு கோப்பையும் ஒரு குரூப் போட்டோவும் வாங்கி வந்தார். ரியாக்டர் கதிரைக் குழாய் வழியாக வெளியே விட்டு ஆராய்ச்சி செய்த பீம் ஹால் வாசலில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். பின்னால் சுவரில் கோட் மாட்டும் ஆணிகள் ஏழு, அப்படியே இருக்கின்றன. போட்டோவைப் பார்த்தவுடன் என் கண் மூன்றாவது ஆணிக்குத்தான் போனது, அதில் ஒன்றும் தொங்கவில்லை, ஆனாலும் அந்தப் போட்டோவைக் குப்புறக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இந்த மூன்று மாதத்துக்கு உன் பேட்ஜில் கதிர்வீச்சு அளவு ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. உங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவர், நீ கோட்டைப் பேட்ஜோடு பீம் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாய், பட்டது கோட்டில்தான், உன்மேல் இல்லை என்கிறார். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த எண்ணை அடித்துவிட்டு வழக்கமான அளவைப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் உன்னை ஹாலுக்குள் விடமாட்டார்கள், ரியாக்டரை நிறுத்தி, கதிரை அடைக்கும் ஷட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும், உங்கள் அளவெடுப்புக்கு மிச்சமிருப்பதோ ஐந்தே வாரம். தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாக எத்தனை நொடி உயிரோடு இருக்கிறது என்று மூன்று வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண். நீ சிரித்துக்கொண்டே "என் கோட்டுக்கு வெயில் பட்டிருச்சும்மா, மாட்டினேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல, பத்து நாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரணும்" என்றாய். நான் கத்தினேன். ஏனென்றால் அந்தக் காகிதத்தை நான் எழுதியிருக்கிறேன். வேறொருவருக்காக, என் கையால்.

நான் பேட்ஜ் ரூமில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். அப்போதெல்லாம் பேட்ஜுக்குள் பல் எக்ஸ்ரே எடுப்பது போல ஒரு சின்ன ஃபிலிம் இருக்கும். மாதம் ஒரு தடவை எல்லாருடையதையும் வாங்கிக் கழுவி, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, அவரவர் பெயருக்கு நேரே அளவை எழுதி, 'ஃபிலிமைப் படித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தேன். பேட்ஜ் பெட்டிக்குள் ஃபிலிமுக்கு முன்னால் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் பதித்திருப்பார்கள், கதிர் பட்டால் அவற்றின் நிழல் ஃபிலிமில் விழும். கோட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் கதிர் ஒரே பக்கத்திலிருந்து வரும், நிழலின் விளிம்பு பிளேடால் வெட்டிய மாதிரி இருக்கும். ஆள் கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து வேலை செய்திருந்தால், ஆடாமல் நில் என்று சொல்லியும் ஆடிவிட்ட பிள்ளையின் போட்டோ மாதிரி விளிம்பெல்லாம் மங்கிக் கிடக்கும். இது எங்கள் அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

விசில் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பீம் ஹால் மெக்கானிக், உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு விசிலடித்தபடியே நம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவருவாரே, அவர்தான். மூன்றாவது ஆணி அவருடையது. கோட்டை மாட்டிவிட்டு அதை மறந்து போவதில் பெயர் போனவர், அவரைவிட அவர் கோட்தான் அதிக நேரம் வேலை செய்கிறது என்று எல்லாரும் கேலி செய்வோம். உனக்கு ஏழு வயதாயிருக்கும்போது ஒரு மாதம் அவருடைய ஃபிலிம் கன்னங்கரேலென்று வந்தது, வருடம் முழுவதற்கும் அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு. அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "கோட் என் மேலதான் இருந்துச்சு தங்கச்சி, அந்த மாசம் நான் கழட்டவே இல்ல, ஹால்ல ஒரே குளிரு" என்றார். மேலதிகாரி சிரித்தார், உன் கோட்டைப் பற்றி ஊருக்கே தெரியுமே என்றார். அந்த ஹாலில் நடந்த அளவெடுப்பும் அப்போது கடைசி வாரங்களில் இருந்தது, வெளியிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் ஷட்டர் மூடியிருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு மங்கலாக இருந்தது, நாலு மூலையும் மங்கல். பார்த்தேன், எனக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே 'ஆணியில் தொங்கியது, அணிந்திருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லாரும் ஒன்று சொல்லும்போது நான் மட்டும் வேறு சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான், கேவலமான காரணம்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோட்டைக் கண்ட இடத்தில் மாட்டியதற்கு அவருக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். பாவம், நான்தான் மறந்து மாட்டித் தொலைத்தேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து என் ஜன்னலில் வந்து சாய்ந்துகொண்டு "இனிமே திட்டு வாங்க மாட்டேன் தங்கச்சி, பேட்ஜை மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன், ஒரு கதிரும் அதுகிட்ட நெருங்காது" என்றார், பிள்ளை பரீட்சையில் பாஸானதைச் சொல்வது போல. பேட்ஜ் காப்பாற்றப்பட வேண்டிய பொருள் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார், அப்படி நினைக்க வைத்தவள் நான். மாட்டிக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் முதலில் எழுதியது பொய் என்று சொல்ல வேண்டிவரும், அதனால் சிரித்தேன். அடுத்த இரண்டு மாதமும் அவர் ஃபிலிம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது மாதம் பராமரிப்புக்காகப் பிரித்தபோதுதான் ஷட்டர் ஒரு விரல் அகலம் மூடாமலே சிக்கியிருந்தது தெரிந்தது, அதற்கு எதிரேதான் அவர் தினமும் உட்கார்ந்து வேலை செய்த இடம். சத்தமில்லாமல் பழுது பார்த்தார்கள், அந்த மாதங்களை யாரும் திரும்பக் கிளறவில்லை, நானும் கிளறவில்லை. அந்த இரண்டு மாதம் அவர்மேல் எவ்வளவு பட்டது என்பதற்கு எங்கேயும் ஒரு எண் கிடையாது. ஆறு வருடம் கழித்து ரத்தத்தில் வியாதி வந்து போய்விட்டார். இதனால்தான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் முன்பு எங்காவது கதிர் பட்டிருக்கிறதா என்று கேட்டபோது, இல்லை டாக்டர், ஒரு தடவை என் கோட்டில் மட்டும் பட்டது என்றாராம். அவர் மனைவிதான் என்னிடம் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

நம் வீட்டில் விசிலடிக்கும் கெட்டில் ஏன் இல்லை என்று கேட்பாயே, வாசலில் கோட் மாட்ட ஓர் ஆணி அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று அப்பா கத்துவாரே, இப்போது தெரிகிறதா? பழைய ஃபிலிம்களை அழிக்கச் சொன்னபோது அந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்து தையல் டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். உனக்குப் பதினோரு வயதில் நூல் தேடப் போய் அதை எடுத்து ஜன்னலில் பிடித்துக்கொண்டு "இது யாரு போட்டோம்மா, யாருமே இல்லையே" என்று கேட்டாய். கெட்டுப்போன படம், கீழே வை என்றேன். அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தார், இரண்டு தெரு தள்ளி. நீ கேட்ட கேள்வி அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. நீ போனில் பேசிய பிறகு, பட்டப்பகலில் துணி காயப்போடும்போதுகூடப் பின்னால் விசில் கேட்கிறது, திரும்பிப் பார்த்தால் மாடிக்காரரின் சட்டை கொடியில் ஆடுகிறது. நான் பயந்த சுபாவம் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இப்போது பயம், அவரை நினைத்து இல்லை, உன்னை நினைத்து.

இன்று மதியம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "மங்கலா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அந்த மாசம் முக்காவாசி என் ஷிஃப்ட்டு. நான் விளக்கைத்தான் பார்த்தேன்" என்றார். உங்கள்மேல் தப்பில்லை, நீங்கள் பார்த்த விளக்கு பொய் சொன்னது, நான் பார்த்த ஃபிலிம் உண்மையைச் சொன்னது என்றேன். நறுக்கிய காயை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதலில் பிள்ளைக்கு எழுது, காலையில் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். போகிறோம். ஃபிலிமை உனக்கு அனுப்பவில்லை, அது அவர் மனைவிக்குச் சேர வேண்டியது. கதவைத் திறப்பாளா, முகத்தில் அடித்தாற்போல் சாத்துவாளா தெரியாது, சாத்தினாலும் நியாயம்தான்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், காதில் போட்டுக்கொள். இப்போது வரும் பேட்ஜ்களில் சிலவற்றில் பொடி வலை மாதிரி ஒரு தகடு இருக்கும், அதன் நிழலைப் பார்த்து, அசையாமல் கிடந்ததா ஆள்மேல் ஆடிக்கொண்டிருந்ததா என்று சொல்லிவிடுவார்கள். உங்களுடையது அந்த வகையா என்று கேள், உங்கள் தலைவரைக் கேட்காதே, பேட்ஜ் படிக்கிற இடத்தில் இருப்பவரை நேரில் போய்க் கேள். எண்ணை மட்டும் கேட்காதே, படத்தைக் காட்டச் சொல். அவர் தயங்கினால், என்னைப் போன்ற ஒருத்தி என்று புரிந்துகொண்டு, இந்தக் கடிதத்தைக் காட்டு. அந்த வகை இல்லையென்றால் சந்தேகமாக இருந்தாலும் உன்மேல் பட்டதாகவே எழுதச் சொல், கோட்டின் தலையில் கட்டாதே. மூன்று வருட உழைப்பு என்று உனக்கு அழுகை வரும், வரட்டும். நியூட்ரானை அடுத்த வருடமும் எண்ணிக்கொள்ளலாம். பேட்ஜை எப்போதும் மேலேயே மாட்டிக்கொள், எந்த டிராயரிலும் வைக்காதே. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசும் சேர்ந்து உனக்கு வரட்டும்.

இது கைக்கு வந்ததும் போன் செய். அப்பாதான் எடுப்பார். "படத்தைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை" என்று அவர் சொல்வார், நீ அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கமாட்டார், கிண்டல் செய்யாமல் சொல்லிவிடு. விசில் அண்ணன் அன்று சொன்னதை நான் திருப்பிச் சொல்லவில்லை. நாளைக் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லப்போகிறேன், கோட் உங்க மேலதான் இருந்துச்சு அண்ணா.

உனக்காக இந்தக் கடிதத்தின் கீழே
உண்மையைப் படித்துக் கையெழுத்திடும்
அம்மா