வருகைப் பதிவில் கயல்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில். குழாயில் நல்ல தண்ணீர் வந்து ஒன்பது நாள்.

முதல் பாடவேளை, என் பொறுப்பில் உள்ள இறுதியாண்டு பி.காம். வகுப்பு முடிந்ததும் கயல் வந்து நின்றாள். திருநங்கை அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டதாம். "வகுப்புல கயல்னு கூப்ட்டா போதும் மேடம். வேற ஒண்ணும் வேணாம்." புள்ளியியல் ஆசிரியர் தினமும் பழைய பெயரை இழுத்து வாசிக்கிறார், கடைசி பெஞ்ச் சிரிக்கிறது. அந்தப் பழைய பெயரை நான் இங்கேகூட எழுதுவதாக இல்லை.

அதென்ன வகுப்பில் மட்டும்? வருகைப் பதிவு, கல்லூரி அட்டை, கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். நாளைக்கே அலுவலகம்.

ஜூலை 22, செவ்வாய்

வாங்க: தேங்காய், சோப்பு, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை.

சூப்பரிண்டென்ட்: "யூனிவர்சிட்டி லெட்டர் இருக்கா மேடம்?" மார்க் ஷீட்டுக்குத்தான் அது வேண்டும், வருகைப் பதிவுக்கு எதற்கு? "அப்ப பிரின்சிபால் சைன் வாங்கிட்டு வாங்க." முதல்வரோ, "ஆபீஸ்ல நோட் போட்டு அனுப்பச் சொல்லுங்க." மேலே போ, கீழே போ. எனக்கு மூட்டு வலி வேறு.

புள்ளியியல்காரர்: "அவன்னு சொல்றதா அவள்னு சொல்றதா, நாக்கு குழறுது மேடம்." பத்து வருடமாய் சூத்திரம் ஒப்பிக்கிற நாக்கு. ஒரு பெயருக்குக் குழறுகிறதாம்.

ஜூலை 24, வியாழன்

முதல்வர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம். "உங்களுக்கு என்ன மேடம் இம்புட்டு அவசரம்?" "அந்தப் பிள்ளை மூணு வருஷமா நிக்குது சார்." கையெழுத்து ஆனது.

பிற்பகல் கம்ப்யூட்டரில் பெயரையும் பாலினத்தையும் மாற்றினார்கள். பக்கத்தில் நின்று, கயல்விழி என்று முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சாயங்காலம் வீட்டில் கேசரி கிளறினேன், அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 25, வெள்ளி

நாசம்.

புது அட்டைக்குப் போட்டோ எடுக்க, இரண்டாம் பாடவேளையில் கயலை அலுவலகத்துக்கு அனுப்பியது நான்தான். புள்ளியியல்காரர் ஆப்சென்ட் போட்டுவிட்டார். ஆப்சென்ட் போட்டால் கம்ப்யூட்டர் தானாகவே பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். அவர்கள் ஊர் எரியோட்டில் முருங்கை பறித்துக்கொண்டிருந்த அவள் அப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது: உங்கள் மகள் கயல்விழி இன்று இரண்டாம் பாடவேளைக்கு வரவில்லை.

வீட்டில் யாருக்கும் தெரியாது. படித்து ஒரு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். ஊருக்கு பஸ் ஏறும்முன் தினமும் தோட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாளாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

"எல்லாரையும் கேட்டீங்க மேடம். என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே."

புள்ளியியல்காரரைத் திட்ட வாயெடுத்தேன். வராத ஆளுக்கு ஆப்சென்ட், அவர் மேல் என்ன தப்பு? அலுவலகத்தையும் திட்ட வழியில்லை.

ஜூலை 28, திங்கள்

கயல் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஆப்சென்ட் போட்டால் அதே செய்தி மறுபடியும் அதே மனிதருக்கு. பிரசென்ட் போட்டேன். பதினான்கு வருட வேலையில் முதல் பொய். மற்ற ஆசிரியர்களிடமும் கெஞ்சினேன். புள்ளியியல்காரர் ஒன்றும் கேட்காமல் சரி என்றார். அதற்கும் எரிச்சல் வந்தது எனக்கு.

ஜூலை 30, புதன்

அவள் அப்பா வந்தார். கயலும் கூட, நாலடி தள்ளி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, என் நம்பரை எடுத்துருங்க."

படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன்.

"படிக்கட்டும். வடமதுரைல சித்தி வீட்ல இருந்துக்கிட்டு வரட்டும். எனக்கு இந்த மெசேஜ் வரக் கூடாது. அம்புட்டுதான்."

அவளைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பெற்றோர் எண் இல்லாமல் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தைச் சேமிக்காதாம். எவன் செய்தானோ. இந்தத் தடவை அவளைக் கேட்டேன். "சித்தி நம்பர் வேணாம் மேடம், போன் சித்தப்பாகிட்டதான் இருக்கும்."

"என் நம்பரைப் போடவா?"

"போடுங்க. ஆனா சும்மா சும்மா போன் பண்ணக் கூடாது."

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று அடங்கவில்லை. மாத்திரை வாங்க மறுபடி மறந்தேன்.

காலையிலேயே துறைக் கூட்டம், வெட்டிப் பேச்சு. 10.05க்கு என் போனில்: உங்கள் மகள் கயல்விழி இன்று முதல் பாடவேளைக்கு வரவில்லை. பேசிக்கொண்டிருந்த முதல்வரைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினேன். நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவதில் எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"கேன்டீன்ல மேடம். பூரி சூடா இருந்துச்சு."