கொட்டாப்புளிக்கு ஒரு சுவர்

அக்கா,

பழைய தினத்தாளில் சுற்றியிருந்தது. பிரித்ததும் முதலில் வந்தது வாசனை. வச்சிரப் பசை, மண்ணெண்ணெய், எங்கோ அடியில் சந்தனம். பிறகுதான் பொருள். உன் கொட்டாப்புளி. புளியமரத்து வைரத்தில் செய்த தலை, கருவேலம் பிடி. உளியின் பின்புறத்தில் அடிக்கிற மரச்சுத்தியல் என்று என் மனைவிக்குச் சொன்னேன். வாங்கிப் பார்த்தாள். "என்ன கனம்!" என்றாள். உடனே திருப்பித் தந்துவிட்டாள்.

உன் பதினாறாம் நாள் முடிந்து நான் கிளம்பும்போது அத்தான் இதை இடது கையால் நீட்டினார்.

"ஒங்க அக்கா சாமான். நீயே கொண்டுட்டுப் போ. இது எனக்கு இங்கன வேண்டாம்."

பட்டறையில் மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். இதை மட்டும் கொடுத்தார்.

வந்து சேர்ந்ததிலிருந்து இதற்கு ஓர் இடம் தேடுகிறேன். மேசையில் வைத்தேன். எடுத்தேன். அலமாரியில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அது எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. இதை எங்கே மாட்டுவது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

உனக்குக் கல்யாணமான புதிதில் அந்தப் பட்டறை ஒரு குப்பைமேடு. சங்கரன்கோவிலில் தறித் தெரு. வீட்டின் பின்னால் ஓடு போட்ட நீண்ட அறை. அத்தான் கதவு, ஜன்னல் செய்வார். விசைத்தறிக்கு வேண்டிய மரச் சாமான்களும் செய்வார். எந்தக் கருவியையும் கடைசியாகத் தொட்ட இடத்தில் போட்டுவிடுவார். பிறகு தேடுவார். தேடத் தேட முகம் சிவக்கும்.

"உளி எங்கட்டி?"

உளி அவர் காலடியில், இழைத்த சுருளுக்குள் கிடக்கும். அது தெரிவதற்கு முன் உனக்கு அடி விழுந்திருக்கும். கையில் எது இருக்கிறதோ அதால். இரும்பு மூலைமட்டத்தால் புருவத்தில். ரம்பத்தின் தட்டைப் பக்கத்தால் முதுகில். ஒரு தடவை இழைப்புளியையே எறிந்தார். நீ குனிந்தாய். அது கதவு நிலையில் பட்டது. அந்த வடு நிலையில் இன்னும் இருக்கிறது. உன் மேல் இருந்தவை உன்னோடு போய்விட்டன.

தெரு முழுக்கத் தறி. அந்த இரைச்சலுக்குள் என்ன நடந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. கரண்ட் போனால் தெருவுக்கே காது முளைக்கும். அத்தானுக்கும் அது தெரியும். கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் நல்லவர்.

இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்துவிட்டாய். இரண்டு தடவையும் அப்பா உன்னை பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவந்தார். வாழைத்தாரும் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தால், பட்டறை வேறாக இருந்தது. தரை தெரிந்தது. நடுவில், செங்கல் மேல், பலகைகள் நீளவாக்கில் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. எதிர்ச்சுவர் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கருவி. ஒவ்வொரு கருவியைச் சுற்றியும், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, அதே வடிவத்தில் கோடு. உளி எடுத்தால் சுவரில் உளியின் உருவம் காலியாக நிற்கும். ஜன்னலோரம் வேலை மேசை. மேசை மேல் பென்சில், நூல், உப்புத்தாள், துடைக்கிற துணி. வேறொன்றும் இல்லை.

எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"என்ன வே, பட்டறையா இது? ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு!"

"எல்லாம் நம்ம ஏற்பாடுதாம் அண்ணாச்சி" என்றார் அத்தான். "எது இல்லைன்னாலும் சுவரு சொல்லிப்புடும்."

நீ துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை.

நான் படித்தவன். யோசனை சொன்னேன். "உளியும் கொட்டாப்புளியும் எப்பமும் வேணும்லாக்கா. மேசைப் பக்கத்துல மாட்டக் கூடாதா? எத்தன நடை நடப்பாக?"

"நடக்கட்டும்லே. நடக்க நடக்க மனுசனுக்குச் சூடு எறங்கும்."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பல் ஒன்று இல்லை.

இரண்டொரு நாளில் பார்த்தேன். தறிக் கட்டை ஒன்று அளவு குறைந்துவிட்டது. நூல் பிடித்தவள் நீ. ஆகவே தப்பு உன்னுடையது. அத்தான் உன் தலைமயிரை ஒரு கையால் சுற்றினார். மற்றக் கை மேசைக்குப் போயிற்று. நான் அந்தக் கையையே பார்த்தேன். அது தடவியது. பென்சில். விட்டது. நூல். துணி. உப்புத்தாள் அகப்பட்டது. அதைத்தான் எறிந்தார். அது காற்றில் மிதந்து என் காலடியில் விழுந்தது.

உன்னை உதறிவிட்டுச் சுவருக்கு ஓடினார். நடுவில் பலகை அடுக்கு. சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவர் கொட்டாப்புளியைக் கழற்றித் திரும்பும்போது நீ இல்லை. உன் பக்கத்தில் பின்வாசல். அந்த வாசலில் நீ ஒரு துரும்பைக்கூட வைத்ததில்லை. அதற்குள் சந்து வழியாகச் சுற்றிப் போய் எதிர்வீட்டில் சீனி கடன் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அத்தான் அங்கேயே மூச்சு வாங்கினார். கையில் கொட்டாப்புளி. முன்னால் நீலக் கோட்டில் அதன் காலி உருவம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை அதன் இடத்திலேயே மாட்டினார்.

அப்போது சுவரை மறுபடி படித்தேன். மேசைக்குக் கிட்டிய முனையில் லேசானவை. போகப் போகக் கனம். கடைசி மூலையில், எட்டாத உயரத்தில், வாச்சி. மண்வெட்டி போல் வாய் வளைந்த, மரம் செதுக்குகிற வாச்சி. வேலைக்கான வரிசை அல்ல அது. எது எவ்வளவு உடைக்கும் என்ற வரிசை.

சாயங்காலம் துணி துவைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "கைய நிறுத்த என்னால முடியாதுலே. கை போற எடத்த மாத்தலாம்லா."

"நம்ம வீட்டுக்கே வந்துரு, அக்கா."

"எதுக்கு? இன்னொரு வாழத்தார் தூக்கவா?"

நான் மதுரைக்குத் திரும்பினேன். வன்முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வகுப்பில் வாசித்தேன். நல்ல கட்டுரை என்றார்கள். அதில் நீ இல்லை.

ஆயுத பூஜைக்கு வந்தேன். வருஷத்தில் அந்த ஒரு நாள் உன் சுவர் காலி. வழக்கத்தை உன்னால் மாற்ற முடியாது. எல்லாக் கருவிகளும் கீழே இறங்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேசை மேல் வெள்ளைத் துணியில் பரப்ப வேண்டும். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அன்று தறிகளுக்கும் பூஜை. தெருவில் ஒரு சத்தம் இல்லை. சுவரில் நீலக் கோடுகள் மட்டும். ஆளெல்லாம் ஓடிப்போன ஊர் மாதிரி.

காலையிலிருந்து மேசையை விட்டு நீ நகரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாய். மாற்றிவைத்தாய். கனமானவற்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், நீ நிற்கிற முனையில். வாச்சியை மட்டும் அத்தான் தானே கொண்டுவந்து நடுவில் கிடத்தினார். "பெரிய ஆயுதம்லா. நடுவுலதாம் இருக்கணும்."

சாயங்காலம் அண்ணாச்சி குடும்பத்தோடு பொரி வாங்க வந்தார். அத்தான் குடித்திருந்தார். வழக்கம்போல் தன் ஏற்பாட்டைப் பேசினார். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"போரும்வே! ஒம்ம ஏற்பாடு எங்களுக்குத் தெரியாதா? உளியக் காணும்னு எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் தேடி வந்த ஆளுல்லா நீரு. தங்கச்சி வந்து கோடு போட்ட பொறவுதான் நீரு நேரா நடக்கீரு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவர்கள் தெருவைக் கடந்து போனார்கள். பிறகு அவர் திரும்பினார்.

கை மேசைக்குப் போயிற்று. இந்தத் தடவை தடவ வேண்டியிருக்கவில்லை.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். ஒரே உதறல். பலகை அடுக்கின் முனை என் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. அந்தச் சிவப்பு வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். வாச்சி அவர் தலைக்கு மேலே போயிற்று. சந்தனப் பொட்டோடு. நீ பின்வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. உன் கை மேசையில் உன் முனைக்குப் போயிற்று. வாச்சி இறங்க, கொட்டாப்புளி ஏறியது. அவர் மணிக்கட்டில் பட்டது.

காய்ந்த தேக்கு ரீப்பர் சட்டம் முறிகிற சத்தம். பிறகு அவர் அலறியது. தறி ஓடாத தெரு முழுக்க அதைக் கேட்டது.

கூட்டம் கூடிவிட்டது. அத்தான் தரையில் கிடந்து சுருண்டார். கை முன்பு வளையாத இடத்தில் வளைந்திருந்தது. வாச்சி உன் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண் தரையில் குத்தி நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பூசையில வச்ச சாமான! விடியுத வரைக்கும் தொடக் கூடாதுல்லா! எடுத்துட்டியேட்டி!"

நீ மூச்சு வாங்கினாய். குரல் மட்டும் ஆடவில்லை.

"அவுக தொட்டாக மதினி. அதுக்குப் பொறவுதான் நாந் தொட்டேன்."

பிறகு முந்தானையால் கொட்டாப்புளியைத் துடைத்தாய். அழிந்த பொட்டுக்கு மறுபடி சந்தனம் வைத்தாய், குங்குமம் வைத்தாய். வெள்ளைத் துணியில், இருந்த இடத்தில் வைத்தாய். அதன் பிறகுதான் என் நெற்றிக்கு மஞ்சள்பொடி அப்பினாய்.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு நாட்டு வைத்தியர் வந்து அத்தானுக்குக் கட்டுப் போட்டார். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கையால் பாரமான எதையும் தூக்க முடியவில்லை. அவர் இடது கையால் கோடு போடுவார். நீ உளி பிடித்தாய். அடித்தாய். துளை போட்டாய். ஊர் உன்னை என்னென்னவோ சொன்னது. சொல்லிக்கொண்டே கதவு செய்யக் கொடுத்தது.

சுவரையும் நீ மாற்றினாய். எல்லாக் கருவிகளும் மேசைக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்தன. உன் தோளுயரத்தில். புதிய நீலக் கோடுகள். பழைய சுவரில் பழைய உருவங்கள் அப்படியே காலியாக நின்றன. ஒரு தடவை அத்தான் இடது கையை ஓங்கியதை நான் பார்த்தேன். ஓங்கியவர் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்குப் பக்கத்தில் தொங்கியதைப் பார்த்தார். கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

மஞ்சள் காமாலைக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார்கள். நான் வந்தபோது உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

என் மேசையை எல்லோரும் பாராட்டுகிறார்கள், அக்கா. சுத்தமாக இருக்கிறதாம். காகிதத்தின் மேல் ஒரு கல்கூட வைப்பதில்லை. பறந்தால் பறக்கட்டும். பென்சில், தாள். அவ்வளவுதான். உன்னிடம் கற்ற பழக்கம் என்று நினைத்திருந்தேன். எதற்கு அந்தப் பழக்கம் என்று போன மாதம்வரை என்னையே கேட்டதில்லை.

போன மாதம், உன் சாவுச் செய்தி வருவதற்கு முன், நண்பர்கள் வந்திருந்தார்கள். நான் எழுதிய ஒரு வரியை என் மனைவி அவர்கள் முன்னால் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் படியிறங்கிப் போனார்கள். பிறகு நான் திரும்பினேன்.

என் கை மேசைக்குப் போயிற்று. தடவியது. பென்சில். விட்டது. தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள்.

"என்ன தேடுதிய?" என்றாள்.

பென்சிலை எடுத்து நேராக வைத்தேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

இன்று காலை ஆணி வாங்கிவந்தேன். அடுக்களை வாசலை ஒட்டி, அவள் தோளுயரத்தில் அடித்தேன். கொட்டாப்புளியை மாட்டினேன். நீலம் கரைத்துச் சுற்றிலும் கோடு போட்டேன்.

"இது எதுக்கு இங்கன?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். மூலைமட்டத்திலிருந்து தொடங்கி, வாச்சிவரை. போன மாதத்துப் பென்சிலையும் சொன்னேன். நான் முடித்ததும் அவள் எழுந்துபோய் அதைக் கழற்றினாள். பிடியைப் பற்றி ஒரு தடவை ஏற்றி இறக்கினாள். இந்தத் தடவை என்னிடம் தரவில்லை. கோட்டுக்குள் சரியாக மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்து எழுதும் இடத்திலிருந்து அது தெரிகிறது. எனக்கு என்றால் எழுந்திருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளி, மேசையைச் சுற்றி, கட்டிலைக் கடந்து நடக்க வேண்டும்.

அவள் கை நீட்டினால் போதும்.