சீட்டில் பட்ட கறை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலியும் பாப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன?

போன வாரம் இங்கே ஒரு சின்னக் கலாட்டா. பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி ஏறும் சரிவை மறித்து ஒரு பேராசிரியர் காரை நிறுத்தியிருந்தார். பார்க்கிங் காவலாளி நான் வேறென்ன செய்வேன், அபராதச் சீட்டு எழுதினேன். ஒட்டுவதற்குள் வந்துவிட்டார்.

“யார் வண்டின்னு தெரியுமாடா?”

“தெரியாதுங்க. வழியில நிக்குதுன்னுதான் தெரியும்.”

கார்க் கதவைத் திறந்து, சீட்டை ஒட்டக் குனிந்த என் முகத்தில் ஓங்கி இடித்தார். விழுந்தவனை விலாவிலும் வாயிலும் மிதித்தார். சீட்டை மட்டும் நான் கையிலிருந்து விடவில்லை. பயப்படாதே, மூக்கு இன்னும் முகத்தின் நடுவில்தான் இருக்கிறது.

அபராதத்தை எதிர்த்து அவர் அப்பீல் செய்தார். விசாரித்த அதிகாரி சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“வண்டி நம்பரே தெரியல, ஒரே கறை. இது செல்லாது.”

“அது என் ரத்தம் சார்.”

“அடிதடிக்கெல்லாம் வேற ஆபீஸுப்பா. இங்க பார்க்கிங் மட்டும்தான்.”

கொஞ்ச நாளைக்கு வீடியோவில் கூப்பிடாதே, குரல் போதும். சட்டையில் ரத்தக்கறை போக நீ என்ன போடுவாய் என்று எழுது. பாப்பாவின் நோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை மிச்சமிருந்தால் அனுப்பு. அந்தக் கார் இன்று காலையும் அதே சரிவில்தான் நிற்கிறது. இனிமேல் சீட்டை உறைக்குள் போட்டுத்தான் ஒட்டப்போகிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பாப்பாவின் அப்பா