சாலையில் வெட்டிய துண்டு

கிள்ளான்,
4.11.2024

அன்புள்ள கேதீஸ்வரன் அண்ணனுக்கு,

பிள்ளைகள் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர், என் வீட்டுக்காரர், மோட்டார் சைக்கிளோடு விழுந்த இடத்தில் சாலையைத் துளைத்து, ஒரு துண்டை உங்கள் லேப்புக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். அவர் மண்டோராக நின்று, ஆட்களை மேய்த்துப் போட்ட சாலை. அவர் கடைசியாகக் கிடந்ததும் அங்கேதான். சோதனை முடிந்ததும் அதை எனக்குத் தாருங்கள். சாமி மேடையில் வைத்துக்கொள்கிறேன்.

மழை பெய்தால் கேட் அருகே அவர் நனைந்துகொண்டு நிற்கிறார். பயத்தில் நான் கதவைத் திறப்பதில்லை. கண்மண் தெரியாமல் ஓட்டித்தான் செத்தார் என்கிறார் மாமியார். என்னால் நம்ப முடியவில்லை அண்ணா.

தங்கச்சி,
அமுதவள்ளி

தெலுக் பங்லிமா காராங்,
8.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

துண்டைத் தண்ணீரில் எடை போட்டுப் பார்த்தேன். உள்ளே காற்று இடைவெளி அதிகம். மழைநீர் இறங்கி, சாலை பெயர்ந்து பள்ளமாகியிருக்கிறது. சுகுமாறன் ஓட்டியதில் குற்றமில்லை. மாமியிடம் சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்று அறிய, துண்டைச் சூடாக்கி உதிர்த்து, தாரைக் கழுவ வேண்டும். பிறகு கற்கள்தான் மிஞ்சும். உதிர்க்கவா, அப்படியே தரவா? எனக்கு மனம் வரவில்லை.

கேதீஸ்வரன்

கிள்ளான்,
12.11.2024

அண்ணா,

உதிர்த்துவிடுங்கள். அவரைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அமுதவள்ளி

தெலுக் பங்லிமா காராங்,
19.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கற்களை அனுப்பியிருக்கிறேன். கல்லின் அளவு சரி, தாரின் அளவும் சரி. கலவை செய்தவர்கள் மேல் பிழையில்லை. சூடு ஆறிய பிறகு கொட்டி, ரோலரால் உருட்டியிருக்கிறார்கள். ஆறிய கலவை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

கேதீஸ்வரன்

கிள்ளான்,
25.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கற்கள் வந்து சேர்ந்தன. நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும்.

அந்த இடத்தைப் போட்ட அன்று தொப்பலாக நனைந்து வந்தார். "லோரி மழையில மாட்டிக்கிச்சி வள்ளி. சாமான் ஆறிப்போச்சி. திருப்பி அனுப்புனா பாஸ் ஏசுவாருலா. கொட்டச் சொல்லிட்டேன்" என்றார். நான் சோறு போட்டேன். அவர் சாப்பிடவில்லை.

மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று மழையில் மறுபடியும் வந்து நின்றார். கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன்.

நீங்கள் துளைத்த குழியை நல்ல சூட்டோடு மூடச் சொல்லுங்கள் அண்ணா. மழை நாளில் வேண்டாம்.

தங்கச்சி,
அமுதவள்ளி