ஓடினது என் கையா, மாப்ள?

அன்பு மாப்ள முருகேசா,

நீ போய் ஒன்பது மாசம் ஆகுது. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பதில் வராதுன்னு தெரிஞ்சும் எழுதுறேன்.

போன மாசம் கலா உன் பீரோவை ஒழிச்சா. ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில குடுத்தா. திறந்தா, காது மிஷின்.

"இது யாருதும்மா?"

"அவருதுதான். வலது காது சுத்தமா கேக்காது. பீங்கான் கம்பெனியில மண் அரைக்கிற மிஷின் பக்கத்துலயே இருபது வருசம் நின்னாரே. உனக்குத் தெரியாதாண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா பாடக் கூப்பிட மாட்டாங்களாம்."

"எப்ப இருந்து? கம்மாபுரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

என் தங்கச்சி டப்பாவைத் திரும்ப வாங்கி மூடினா. "ஞாபகம் இல்லண்ணே."

கம்மாபுரம் உனக்கு மறந்திருக்காது. ஆடி மாசக் கூழ் ஊத்தல். நீ உடுக்கை அடிச்சுப் பாடுற, நான் பம்பை. பாட்டு நடுவுல மைக்கிலயே சொன்ன: "மச்சான், கை ஓடுது. நிறுத்து." நான் தாளத்தை முந்துறேன்னு சனம் மொத்தமும் என்னைப் பார்த்துச்சு. குச்சியைக் கீழ வெச்சுட்டு வண்டியை எடுத்துக்கிட்டு வந்தவன்தான், ஏழு வருசம் பம்பையைத் தொடல. உன் வூட்டுல எத்தனை தீபாவளி சாப்பிட்டிருப்பேன்! அந்தப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கல, நானும் எடுக்கல.

அப்படின்னா அன்னிக்கு என் கை ஓடவே இல்லையா? என் அடி காதுல விழாம நீதான் பின்தங்கினியா? தெரிஞ்சேதான் என் மேல பழியைப் போட்டியா? டீக்கடையில எப்பவும் என் வலப்பக்கமே உக்காருவியே, அதுவும் இதுக்குத்தானா?

கோவப்படலாம்னா நீ இல்ல. பாவம்னு நினைச்சா, போன ஏழு வருசம் நெஞ்சுல வந்து நிக்குது.

போன வாரம் பம்பையைப் பரண்ல இருந்து இறக்கினேன். தொய்ஞ்சு கிடந்த தோலை வெயில்ல காட்டி, கயிறு இறுக்கி, மொட்டை மாடியில இடுப்புல கட்டினேன். பத்து நிமிசத்துல தோள்பட்டை விட்டுப் போச்சு. என் மக போன்ல டிக் டிக்னு தாளம் போடுற ஆப் ஒண்ணு வெச்சுக் குடுத்தா. ரெண்டு நிமிசம் சரியாப் போச்சு. மூணாவது நிமிசம் என் கை அதைத் தாண்டி ஓடுது, மாப்ள! திரும்ப அடிச்சேன். திரும்பவும் ஓடுது. அப்ப நீ சொன்னது நிஜமா? இல்ல, பழக்கம் விட்டதால இப்பதான் ஓடுதா? இதை யாரைப் போய்க் கேக்குறது?

நேத்து சாயங்காலம் கலா மாடிக்கு வந்தா. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, நீ பாடுற அம்மன் வர்ணிப்பை எடுத்தா. நீ போனப்புறம் அவ பாடிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பாதியில, "அண்ணே, மெதுவா"ன்னா. சுருக்குன்னு இருந்துச்சு. இறங்கிப் போயிடலாமான்னு கூடத் தோணுச்சு. போகல. மெதுவா அடிச்சேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே பாடி முடிச்சா.

இன்னும் எனக்கு ஒண்ணும் தெளியல. வர்ற ஆடிக்குச் சேத்தியாத்தோப்புல கூப்பிட்டிருக்காங்க. கலா பாடுறா, நான் அடிக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கிறேன். இனிமே யார்கிட்ட மனத்தாங்கல் வந்தாலும், அன்னிக்கே எதிர்ல உக்காந்து கேட்டுடுவேன். உன்கிட்டதான் கேக்காமலே இருந்துட்டேன்.

உன் கலாவோட அண்ணன்,
உன் மச்சான் சேகர்