முதல் கட்டத்தில் யார் பெயர்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஜன்னலைச் சாத்தியும் மேசையெல்லாம் பஞ்சுத் தூசி. பழைய கம்ப்யூட்டர் சனிக்கிழமையோடு நின்றுவிட்டது. புதியது இன்று வந்தது. பூட்டிக்கொடுக்க வந்தவர் ஆரோக்கியம், திருநெல்வேலிப் பக்கம். வயர்களைச் சொருகியதும் பல்லடத்தில் வேறு வேலை என்று கிளம்பிவிட்டார். "மெயில் செட்டிங் புதங்கிழமை வந்து போட்டுருதேன் மேடம்."

அதுவரை பொறுக்க முடியாது. ஜெர்மனியிலிருந்து ஹெல்காவின் கலர் அப்ரூவல் எந்த நேரமும் வரலாம். அது வராமல் துணி சாயத்துக்குப் போகாது. எங்கள் பனியன் யூனிட்டில் ஓடும் வேலையில் பாதி அவள் கொடுப்பது.

நானே திறந்தேன். ஒவ்வொரு திரையாகக் கேட்கிறது. முதல் திரை, முதல் கட்டம்: நீங்கள் அனுப்பும் மெயிலில் என்ன பெயர் தெரிய வேண்டும்?

அங்கேயே நின்றுவிட்டேன்.

பழையதில் இந்தக் கேள்விக்கு என் வீட்டுக்காரர் எப்போதோ பதில் போட்டு வைத்திருந்தார். கந்தசாமி. போன புரட்டாசியில் அவர் இறந்த பிறகும் அந்தப் பெயரில்தான் மெயில் போகிறது. எழுதுவது நான். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அந்த வாரம் ஒரு ஷிப்மென்ட் பாதியில் நின்றது. "இது போகட்டுங்க அண்ணி, பொறவு சொல்லிக்கலாம்" என்றார் கொழுந்தன் துரைசாமி. பிறகு அடுத்த ஷிப்மென்ட். அதற்கடுத்தது. ரிப்ளை அழுத்தினால் பெயர் தானாக வந்தது. கீழே வெறும் 'ரிகார்ட்ஸ்', பெயர் போடாமல். அவர் பெயரை என் விரலால் ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று ஒரு சமாதானம்.

இன்று அடித்தேன். கந்தசாமி. அடுத்த திரை.

பாஸ்வேர்ட் கேட்டது. தெரியாது. பழையதிலும் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது.

வாங்க: பிரிண்டர் மை, கொசுவத்தி, ராகி.

ஜூலை 8, செவ்வாய்

காற்று குறையவில்லை. இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஆபீசுக்குப் போன். பேசியது ஒரு பெண். "அக்கவுண்ட் கந்தசாமிங்கற பேர்ல இருக்குதுங்க மேடம். பாஸ்வேர்ட் மாத்தோணும்னா அவர்தான் பேசோணும். அவர்கிட்டக் குடுங்க."

என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் துரைசாமி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க, கந்தசாமிதானுங்க பேசறன்."

பிறந்த தேதி கேட்டிருப்பாள். தடங்கலில்லாமல் சொன்னார். புதுப் பாஸ்வேர்டைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். போனில் அண்ணன் குரல் மாதிரியே இருக்கிறது. இத்தனை வருடத்தில் கவனித்ததில்லை. ஆபீஸுக்குப் பின்னால் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

"வேற வழிங்களா அண்ணி?" என்றார், என்னைப் பார்க்காமல்.

இருந்தது. அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

மாலை: மெயில் வருகிறது. போக மறுக்கிறது. ஏதோ எர்ரர் நம்பர்.

ஜூலை 9, புதன்

ஆரோக்கியம் சொன்னபடி வந்தார், ஆச்சரியம். எங்கோ உள்ளே போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். அவ்வளவுதான்.

"வாங்கறதுக்கு மட்டும் பாஸ்வேர்ட் குடுத்திருக்கீய மேடம். அனுப்பறதுக்கும் ஆள் யாருன்னு கேக்கான்."

டீ குடித்தார். புது மிஷினுக்கு மேலே துணி போட்டு மூட வேண்டாம் என்றார். சூடாகுமாம்.

ஹெல்காவின் மெயில் இருந்தது. நீலம் சரி. சாம்பல் இன்னும் ஒரு ஷேடு அடர்த்தியாக வேண்டும். கடைசியில் இரண்டு வரி: ஆகஸ்டில் இந்தியா வருகிறாளாம், திருப்பூருக்கும் வருவாளாம். "உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏற வேண்டாம், கீழேயே பேசலாம்."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை வந்தவள். அவர் நொண்டியதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

துரைசாமியிடம் படித்துக் காட்டினேன். நீலம் சரி என்றதும் சாயப்பட்டறைக்குப் போன் போட எழுந்தார். மீதியைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் பாம்பே போயிருக்கறாருன்னு சொல்லிக்கலாங்க."

"போன்ல கந்தசாமி ஆயிட்டீங்க. நேர்ல எப்படி ஆவீங்க?"

"எனக்கு முழங்கால் நல்லாத்தானுங்க இருக்குது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"எதிர் வீதிக் கம்பெனியில பெரியவர் செத்துப் போனதும் ஆர்டர் குடுக்கற பையர் ஒருத்தருமே நிக்கலீங்களே அண்ணி. பாத்தமல்லங்க. இத்தனை பேர் தையலுக்கு உக்காந்திருக்கறாங்க. என்ன பதில் சொல்றது?"

அது நியாயம்.

"அதுவுமில்லாம பொம்பளை நடத்தறாங்கன்னா..."

"ஹெல்காவும் பொம்பளைதான்."

"அவ வெள்ளைக்காரிங்க."

மூட்டுத் தைலம் பாதி பாட்டில் இன்னும் அலமாரியில். எனக்கு உதவலாம்.

ஜூலை 10, வியாழன்

தலைவலி. காலை ஆபீஸில் யாரும் வருவதற்கு முன் உட்கார்ந்தேன். டூல்ஸ், அக்கவுண்ட்ஸ், ப்ராப்பர்ட்டீஸ். முதல் கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மொத்தமாக அழிக்க வழி உண்டு, தெரியும். வசந்தாமணி என்று போட்டேன். முன்னாலும் பின்னாலும் ஒன்றும் சேர்க்கவில்லை.

சோதனைக்கு எனக்கே ஒரு மெயில். வந்தது, என் பெயரில்.

பிறகு ஹெல்காவுக்கு. 'எக்ஸ்பயர்டு' என்று எழுதப் போனேன். மருந்துக்குப் போடுவது அது. 'டைடு' என்றே எழுதினேன். எப்போது என்பதையும். அதற்குப் பிறகு வந்த எல்லா மெயிலும் நான் எழுதியவை என்பதையும். மன்னிப்பு ஒரு வரி. சாம்பல் ஷேடு எப்போது தயாராகும் என்பது ஒரு வரி. எம்.ஏ. படித்ததற்கு ஆறேழு வரி எழுதக் காலை முழுக்க ஆனது.

செண்ட். அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது. லைன் கிடைக்கவில்லை. பேசவும் இன்டர்நெட்டுக்கும் இருப்பது ஒரே போன் லைன். அடுத்த அறையில் துரைசாமி சாயப்பட்டறையோடு பேசிக்கொண்டிருந்தார்.

நடுவில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"போயிருச்சுங்களா?"

"லைன் வேணும்."

மறுபடி பேசப் போனார். சாயப்பட்டறைப் பேச்சு முடிந்து, நூல்காரரிடம். நூல் முடிந்து, சோமனூர் மாமாவிடம், மழையைப் பற்றி. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவுட்பாக்ஸில் இருக்கும்வரை அழிக்கலாம். நான் அழிக்கவில்லை. எழுந்து போய்க் கேட்கவும் இல்லை.

ஒரு கட்டத்தில் பேச்சு நின்றது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து:

"வெச்சுட்டனுங்க அண்ணி."

மோடம் கூவியது. போயிற்று.

ஜூலை 11, வெள்ளி

பதில் இல்லை. நீலத் துணி சாயத்துக்குப் போயிற்று. துரைசாமி ஐந்தாறு தடவை வந்து, கம்ப்யூட்டரைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் செண்ட்-ரிசீவை அழுத்தியது அதைவிட அதிகம்.

மத்தியானம் கரண்ட் இல்லை. நல்லது.

ஜூலை 12, சனி

காலை முதல் மெயில் ஹெல்கா.

வருந்துகிறாளாம். தெரியும் என்கிறாள். இறந்தது தெரியாது, எழுத்து மாறியது தெரியும். "கந்தசாமி என்னிடம் 'முடியாது' என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் 'நோ ப்ராப்ளம், அடுத்த வாரம்'. குளிர்காலத்திலிருந்து வேறு யாரோ மாதிரி 'அந்தத் தேதிக்கு முடியாது, இந்தத் தேதிக்கு முடியும்' என்று எழுத ஆரம்பித்தார். சரக்கும் அந்தத் தேதிக்கு வந்தது. முழங்கால் வலியில் மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்."

அடுத்த சீசன் பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாதாம். ஆகஸ்டில் யூனிட்டைப் பார்த்த பிறகுதான். அது சரி. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

துரைசாமி வாசலில் நின்றபடி, "என்னங்க சொல்றா?"

"இன்னும் இருக்குது, இருங்க."

கீழே தனிப் பத்தி. போன ஷிப்மென்டில் காலரின் ரிப் பட்டி தளர்ந்திருக்கிறது, இரண்டு துவைப்பில் தொங்குகிறது, இது மறுபடி நடக்கக் கூடாது, காரணம் திங்களுக்குள் வேண்டும். அந்தப் பத்தி 'டியர் வசந்தாமணி' என்று ஆரம்பிக்கிறது.